கால் நனைந்த மரங்கள்

நான் வரைந்த முதல் வரைபடத்தில் எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் ஈயக் குட்டைக்குள் கிடந்தது.

அப்பாவிடம் காட்டியபோது எனக்கு அது தெரியாது. சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்து, ஒவ்வொரு அடுக்காகத் தட்டிப் பெருமையாகக் காட்டிக்கொண்டிருந்தேன். அடியில் செயற்கைக்கோள் படம், அதன் மேல் தோட்டத்தின் பழைய வரைபடம், அதற்கும் மேல் நான் கோடு போட்ட பிளாக் எல்லைகள், செம்மண் ரோடு, அல்லூர் என்கிற வடிகால்கள், கோயில், பள்ளிக்கூடம், லயம் என்கிற தொழிலாளர் வீட்டு வரிசை. அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் ஓர் இடத்தில் விரலை வைத்து, "ஆத்தா தண்ணிக்குள்ள நிக்கிறாளேடா" என்றார்.

பார்த்தேன். ஆமாம். கோயில், பள்ளிக்கூடம், தோட்டத்துக் கணக்கரான கிராணியின் வீடு, காலையில் ஆட்களைக் கூட்டிப் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களம் எல்லாமே நூறு மீட்டருக்கு மேல் ஒரே பக்கமாக நகர்ந்து போயிருந்தன.

பன்னிரண்டு வருடம் மென்பொருள் எழுதிச் சம்பாதித்தவன் நான். அத்தனை வருடத்தில் என் வேலையில் அப்பா கண்டுபிடித்த முதல் தவறு அது. அன்றைக்கு இரவு சந்தோஷத்தில் எனக்குத் தூக்கம் வரவில்லை. அது ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் இப்போது பெஸ்தாரி ஜெயா. 2007-இல் மாற்றிய பெயர். அப்பா அம்மா வயதில் இருப்பவர்களுக்கு இன்னமும் பத்தாங் பெர்ஜுந்தைதான். கோலசிலாங்கூர் மாவட்டம், சிலாங்கூர் ஆற்றோரம். ஒரு பக்கம் எண்ணெய் எடுக்கும் செம்பனை, இன்னொரு பக்கம் ஈயம் தோண்டியவர்கள் விட்டுப்போன குட்டைகள். வடக்கே போனால் ராஜா மூசா காட்டின் கரிச்சேற்று நிலம். மலேசியாவில் செம்பனையை வியாபாரத்துக்காக முதன்முதலில் நட்டது எங்கள் வட்டாரத்தில்தான். 1917-இல் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் நட்டார். நட்ட தோட்டத்தின் பெயர் தென்னமரம். வெள்ளைக்காரர் ஆவணங்களில் ஆங்கில எழுத்தில் இருந்தாலும் அது நம்முடைய தென்னைமரம்தான். செம்பனை கால் வைத்த தோட்டத்துக்குத் தென்னையின் பெயர் இருப்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் மனம் குளிரும்.

அப்பாவின் அப்பா ரப்பர்ப் பாலுக்காகப் பால்மரம் வெட்டியவர். அப்பா சின்ன வயதில் அந்தப் பாலைக் காண்டா வாளியில் சுமந்துவிட்டு, பிறகு செம்பனைக்கு மாறிக் குலை அறுத்து, ஆட்களை மேற்பார்க்கும் மண்டோராகி ஓய்வு பெற்றார். அம்மாவும் தோட்டத்து வேலைதான். அவர் கதையைப் பின்னால் சொல்கிறேன்.

நான் வளர்ந்த காலத்தில் கம்ப்யூட்டர் என்பது தோட்டத்துப் பிள்ளைக்கு வெளியே போகும் கதவு. 1997-இல் சைபர்ஜெயா திறந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு அப்பா, "நீ அங்க போயி ஒக்காரணும்" என்றார். பி.டி.பி.டி.என். என்ற அரசாங்கக் கல்விக் கடன் எடுத்துப் படித்தேன். போய் உட்காரவும் செய்தேன். குளிர்சாதன அறை, மாதம் தவறாத சம்பளம். தம்பியைப் படிக்க வைத்ததும், லயத்தை விட்டு வெளியே தாமான் குடியிருப்பில் வீடு வாங்கியதும் அந்தச் சம்பளத்தில்தான். அந்த நன்றியை மறந்துவிட்டு நான் எதையும் எழுதவில்லை.

வேலை என்னவென்றால், மற்றவர்கள் காகிதத்தில் செய்துகொண்டிருந்ததைத் திரைக்குக் கொண்டுவருவது. காப்புறுதிப் பாரம், கடன் விண்ணப்பம், பேரங்காடி அட்டையில் சேரும் புள்ளிகள். நல்ல நிரல் எழுத வேண்டும் என்ற ஆசை எனக்கு எப்போதும் உண்டு, எழுதியும் இருக்கிறேன். கடைசியாக இருந்த நிறுவனத்தில் ஒரு பெரிய பகுதியை நான்கு பேர் சேர்ந்து மூன்று வருடம் கட்டினோம். நிர்வாகம் வேறொரு மென்பொருளை விலைக்கு வாங்கிவிட்டது. எங்களுடையதை ஒரு வெள்ளிக்கிழமை மாலை அணைத்தார்கள். திங்கட்கிழமை காலை முதல் மதியம் வரை போனைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எங்கே போயிற்று என்று கேட்டு ஒருவர்கூடக் கூப்பிடவில்லை.

யார் மேலும் கோபம் வரவில்லை. ஆனால் வீட்டுக்குப் போகும் போதெல்லாம் நடக்கும் ஒரு பேச்சு அந்த வாரம் முழுக்கக் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. தீபாவளிக்குப் போவேன். "வேலைல்லாம் எப்பிடிய்யா?" என்பார் அம்மா. "நல்லாருக்கும்மா" என்பேன். அவ்வளவுதான். அதற்கு மேல் கேட்க அவருக்கு ஒன்றுமில்லை, சொல்ல எனக்கும் ஒன்றுமில்லை. அப்பா சாயங்காலம் வந்து, இன்றைக்கு இந்த நிரையில் காய் சரியில்லை, அந்த அல்லூரில் மண் சரிந்துவிட்டது என்று ஒரு மணி நேரம் பேசுவார். நாங்கள் சின்னப் பிள்ளைகளாக அதைக் கேட்டுக்கொண்டேதான் சோறு தின்போம். என் வேலையைப் பற்றி எங்கள் வீட்டு மேசையில் ஐந்து நிமிடம் பேச முடியவில்லை.

அப்புறம் 2021 டிசம்பர் வந்தது. 17-ஆம் தேதி வெள்ளிக்கிழமை பிடித்த மழை சனிக்கிழமையும் விடவில்லை. ஷா ஆலம் ஸ்ரீ மூடாவில் ஜனங்கள் கூரை மேல் ஏறி நின்ற படங்களை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நான் அப்போது சுபாங் பக்கம் வாடகை வீட்டில் இருந்தேன். அம்மா போன் செய்து, "ஆறு ஏறுது ஐயா, எந்த ரோடு தெறந்திருக்குன்னு தெரியல, ஒனக்கு அதுல ஏதும் காட்டுதா?" என்றார். அதுல என்றால் கம்ப்யூட்டரில். இருந்த எல்லாப் பக்கங்களையும் திறந்து பார்த்தேன். எனக்கு ஒன்றும் காட்டவில்லை. எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் யாரோ ஒருவர் மோட்டாரில் போய்ப் பார்த்துவிட்டுப் போட்ட குரல் பதிவுதான் கடைசியில் உதவியது. அதே இரவில், வருடக் கடைசித் தள்ளுபடிக்காகக் கம்பெனியின் வழங்கிக் கணினி ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்க எனக்கு முறை வேலையும் இருந்தது. பார்த்தேன். எல்லாம் ஒழுங்காக ஓடியது.

வீட்டுக்குத் தண்ணீர் வரவில்லை, கடவுள் புண்ணியம். ஆனால் அம்மா கேட்ட கேள்வி போகவில்லை.

ஒரு மாதம் கழித்துத்தான் தெரியவந்தது, அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதற்கென்றே ஒரு துறை இருக்கிறது என்று. தொலையுணர்வு, புவியியல் தகவல் முறைமை என்று தமிழில் எழுதலாம். வேலை செய்கிறவர்கள் ஜிஐஎஸ் என்றுதான் சொல்வார்கள். ஐரோப்பியர்களின் சென்டினல்-1 செயற்கைக்கோள் ரேடாரில் படம் எடுக்கிறது. நம் நாட்டில் மழைக்காலத்தில் மேகம் விலகவே விலகாது, சாதாரணப் படத்தில் வெறும் வெள்ளைதான் தெரியும். ரேடாருக்கு மேகமும் ஒன்றுதான், ராத்திரியும் ஒன்றுதான். அசையாத தண்ணீர் கண்ணாடி மாதிரி அலையை வேறு பக்கம் தெறிக்கவிடுவதால், வெள்ளம் நின்ற இடம் படத்தில் கறுப்பாகத் தெரியும். அந்தப் படங்கள் இலவசம். யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். நான் இரவெல்லாம் வேறு எதற்கோ நிரல் எழுதிக்கொண்டிருந்த அத்தனை வருடமும் இது தலைக்கு மேலேயே சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது. முதல் சென்டினல்-1 ஏறியது 2014-இல்.

வேலையை உடனே விடவில்லை. ஏழு மாதம் ராத்திரியிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் படித்தேன். கியூஜிஐஎஸ் என்று ஒரு மென்பொருள், இலவசம், 2002-இல் தொடங்கி உலகம் முழுக்கப் பலர் சேர்ந்து வளர்த்தது. நிரல் எழுதத் தெரிந்தவனுக்கு அது சீக்கிரம் பிடிபடும். பைத்தான் எனக்குப் பழக்கம், தரவுத்தளம் பழக்கம். போஸ்ட்ஜிஐஎஸ் என்பது நாம் அன்றாடம் பார்க்கும் தரவுத்தளத்துக்கே நிலத்தை அளக்கக் கற்றுக்கொடுத்தது போலத்தான். "இந்த ஆற்றிலிருந்து 200 மீட்டருக்குள் இருக்கும் பிளாக்குகள் எவை" என்று ஒரு வரியில் கேட்கலாம். முதல் தடவை அந்தக் கேள்விக்குப் பதிலாக நான் ஓடித் திரிந்த பிளாக்குகளின் எண்கள் வந்து விழுந்தபோது எழுந்து நின்றுவிட்டேன்.

பிடிபடாமல் போனது பூமிதான். இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், கோயில் குட்டைக்குள் போன கதை இதில்தான் இருக்கிறது.

தோட்டத்து ஆபீஸைக் காலி செய்தபோது தூக்கிப் போட்ட காகிதங்களிலிருந்து அப்பா ஒரு வரைபடத்தை எடுத்து வைத்திருந்தார். பின்பக்கம் துணி ஒட்டியது, மடிப்புகளில் கிழிந்தது. அளவுகோல் செயினில் போட்டிருந்தது. ஒரு செயின் 66 அடி. பத்து சதுரச் செயின் ஓர் ஏக்கர். நில அளவை இலாகாவின் பழைய தாளிலிருந்து பெயர்த்து வரைந்திருந்ததால் ஓரங்களில் கட்ட எண்களும் இருந்தன. அந்த எண்களைக் கொடுத்துத்தான் படத்தைக் கணினியில் அதன் இடத்தில் உட்கார வைத்தேன்.

பூமி சரியான உருண்டை கிடையாது. அதை அளக்க வேண்டுமானால் முதலில் அதற்கு வழவழப்பான ஓர் உருவத்தை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். எந்த உருவம், அதை எங்கே பொருத்துகிறோம் என்பதைப் பொறுத்து ஒரே கோயிலுக்கு வேறு வேறு எண்கள் வரும். தீபகற்ப மலேசியாவின் பழைய வரைபடங்கள் பலவும் கெர்தாவ் 1948 என்ற அடித்தளத்தில் வரைந்தவை. 2003 முதல் நாடு ஜிடிஎம்2000 என்ற புதிய அடித்தளத்துக்கு மாறிவிட்டது. நான் பழைய எண்களைப் புதிய அடித்தளத்து எண்கள் என்று நினைத்துக் கொடுத்துவிட்டேன். மென்பொருள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சிவப்பு எழுத்தில் பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. எல்லாம் சரியாக இருப்பது போலவே இருந்தது. அந்தத் தவறைப் பிடிக்க, அந்தக் கோயிலில் காவடி எடுத்த ஒருவர் தேவைப்பட்டார்.

பட்டியலில் சரியான பெயரைத் தேர்ந்தெடுத்தேன். ஆத்தா கரையேறினாள்.

2022 நடுவில் வேலையை விட்டேன். சிறிய ஒரு நிலவரைபட ஆலோசனை நிறுவனத்தில் சேர்ந்தேன். சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு போனது. வீட்டில் மனைவியோடு உட்கார்ந்து மூன்று மாதம் கணக்குப் போட்டுத்தான் அந்த முடிவு. காரை விற்றோம், பழைய மைவி ஒன்றை வாங்கினோம். பணம் போனதைப் பற்றி ரொம்பப் பேச எனக்கு விருப்பமில்லை. வலித்தது, பழகிவிட்டது.

வேலை பல விதம். சிறு தோட்டக்காரர்களின் நிலத்துக்கு எல்லைக் கோடு போடுவது ஒன்று. 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காடு அழித்த நிலத்தில் விளைந்த எண்ணெய் உள்ளே வரக்கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் சட்டம் போட்டது. 4 ஹெக்டருக்கு மேற்பட்ட நிலமென்றால் ஒரு புள்ளி காட்டினால் போதாது, சுற்றெல்லையையே காட்ட வேண்டும். ஆக, நிலத்துக்காரரான பாக்சிக்கோடு (வயதான மலாய்க்காரரை அப்படித்தான் மரியாதையாகக் கூப்பிடுவோம்) எல்லை முழுக்க நடக்க வேண்டும். அவர் பாராங் கத்தியால் புல்லை ஒதுக்கிக்கொண்டே முன்னால் போவார், நான் பின்னால். எல்லைக்கல் கிடைத்ததும் அவர் முகத்தில் வரும் நிம்மதியை நான் பழைய வேலையில் யார் முகத்திலும் பார்த்ததில்லை. கரிநிலத்தில் தீப் பிடிக்கிறதா என்று வறட்சிக் காலத்தில் வெப்பப் புள்ளிகளைப் பார்ப்பதும் உண்டு. வடிகால் வெட்டிக் காயவிட்ட கரிநிலம் மண்ணுக்கு அடியிலேயே நாள் கணக்கில் புகைந்துகொண்டிருக்கும். செம்பனை எங்களுக்குச் சோறு போட்டது. காட்டையும் அழித்தது. இரண்டும் என் திரையில் அடுத்தடுத்த அடுக்கில் இருக்கின்றன, இரண்டையும் பார்த்துக்கொண்டுதான் வேலை செய்கிறேன்.

ஆனால் எனக்கு மிகவும் பிடித்தது மரங்களின் உடம்பைப் பார்க்கும் வேலை.

பச்சை இலை சிவப்பு ஒளியைக் குடித்துவிடும். கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பும். இரண்டின் வித்தியாசத்தை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் ஓர் எண் வரும். என்டிவிஐ என்பார்கள். இலை செழிப்பாக இருந்தால் எண் 1-ஐ நோக்கி ஏறும், வாடினால் இறங்கும். இன்னொரு ஐரோப்பியச் செயற்கைக்கோளான சென்டினல்-2 இந்தப் படத்தை ஐந்து நாளைக்கு ஒரு முறை எடுக்கிறது, மேகம் விட்டால். ஒரு படப்புள்ளி தரையில் பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர். செம்பனையை ஒன்பது மீட்டர் முக்கோணத்தில் நட்டால் ஹெக்டருக்குச் சுமார் 140 மரம். அப்படியானால் ஒரு புள்ளிக்குள் ஒன்றரை மரம் வரும். இதை அம்மாவிடம் சொன்னேன். "அர மரத்துக்கு எப்பிடிய்யா வைத்தியம் பாப்பே?" என்று கேட்டார். சரியான கேள்வி. தனி மரத்தைப் பார்க்க வேண்டுமானால் டிரோன்தான். அதற்கு விமானப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி, வான்படத்துக்கு நில அளவை இலாகாவின் அனுமதி என்று தனியாக அலைய வேண்டும்.

ஒரு ஜனவரி மாதம் எங்கள் பழைய தோட்டத்துப் பக்கத்திலேயே ஒரு வேலை வந்தது. எண் இறங்கிய இடத்துக்குச் சிவப்பு நிறம் கொடுத்திருந்த படத்தில் ஒரு பிளாக்கின் தென்மேற்கு மூலை சிவந்து கிடந்தது. மூன்று மாதப் படங்களை அடுக்கிப் பார்த்தேன். சிவப்பு பரவிக்கொண்டே போயிற்று. கேனோடெர்மா என்று நினைத்தேன். செம்பனையின் தூரை அரிக்கும் பூஞ்சைக் காளான் அது. தூரில் காளான் குடை வெளியே தெரியும்போது உள்ளே பாதி செத்திருக்கும், மருந்து கிடையாது. அறிக்கையில் அந்தச் சொல்லை எழுதியும்விட்டேன். அனுப்புவதற்கு முன்னால் நேரில் போய்ப் பார்த்துவிடலாம் என்று மேலாளரிடம் அனுமதி வாங்கி அப்பாவையும் கூட்டிக்கொண்டு போனேன்.

காலை ஏழரை மணி. மட்டைகளிலிருந்து பனி சொட்டிக்கொண்டிருந்தது. அப்பா பூட்ஸ் போட்டிருந்தார், கையில் ஒரு குச்சி. நான் கைப்பேசியில் எங்கள் இருவரையும் குறிக்கும் நீலப் புள்ளியைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். சிவப்புக்குள் நுழைந்ததும், "இங்கதாம்பா" என்றேன். அப்பா மரத்தை அண்ணாந்து பார்க்கவில்லை. உட்கார்ந்து தூரைப் பார்த்தார். சுற்றி வந்து தட்டினார். அடுத்த மரம், அதற்கடுத்த மரம். பத்துப் பன்னிரண்டு மரம் அப்படியே போனார். காளான் இல்லை. பிறகு குச்சியை மண்ணில் ஊன்றினார். அது முழங்கால் அளவுக்கு உள்ளே போனது. வெளியே இழுத்தபோது குழியில் தண்ணீர் ஊறி நிரம்பியது.

"நோவு இல்லடா. மரத்துக்குக் கால் நனஞ்சு கெடக்கு" என்றார்.

எழுந்து, நிரையை விட்டுக் குறுக்கே நடந்தார். வரைபடத்தில் அங்கே ஒன்றும் இல்லை. முப்பது நாற்பது அடி போனதும் புதருக்குள் ஓர் அல்லூர். ரோட்டுக்கு அடியில் போகும் அதன் குழாய் உடைந்து மண் மூடியிருந்தது. தண்ணீர் போக வழியில்லாமல் பின்னால் தேங்கி, மேலிருந்து பார்த்தால் தெரியாதபடி மட்டைகளுக்கு அடியில் பரவிக் கிடந்தது. ரேடாரும் இதைக் காட்டியிருக்காது. சென்டினல்-1 அனுப்பும் அலை இந்த அடர்த்தியான மட்டைகளைத் தாண்டித் தரைக்குச் சரியாக இறங்காது. "நாப்பது வருசத்துக்கு முந்தி இந்தக் கொழாய நாங்க நாலு பேரு பொதச்சோம்" என்றார் அப்பா. உடைந்த விளிம்பைக் கையால் தடவிப் பார்த்தார்.

அறிக்கையில் கேனோடெர்மா என்ற சொல்லை எடுத்துவிட்டேன். அடைபட்ட வடிகால் என்று எழுதி, குழாயின் ஆள்கூறுகளைப் போட்டேன். அந்தச் சொல் போயிருந்தால் அந்த மூலையில் நல்ல மரங்களை வெட்டிச் சாய்த்திருப்பார்கள். அன்றைக்குச் சாயங்காலம் அப்பா வீட்டு மேசையில் உட்கார்ந்து, அந்தக் குழாயை எப்படி மாற்ற வேண்டும், எத்தனை அங்குலக் குழாய் போட வேண்டும் என்று ஒரு மணி நேரம் பேசினார். நான் பதில் சொன்னேன், அவர் மறுத்தார், நான் படத்தைத் திறந்து காட்டினேன்.

எனக்குக் குறைந்தது அதுதான் என்று நினைக்கிறேன். நிரல் எழுதுவது எனக்கு இப்போதும் பிடிக்கும், இப்போதும் பாதி நாள் அதைத்தான் செய்கிறேன். ஆனால் என்னை வளர்த்தவர்கள் என் வேலையைப் பார்த்து இது சரி, இது தப்பு என்று சொல்ல முடிய வேண்டும். அதற்காகத்தான் ஏங்கியிருக்கிறேன். பெயர் தெரியாமலேயே.

அம்மா கதைக்கு வருகிறேன். செம்பனையில் ஆண் பூவும் பெண் பூவும் ஒரே மரத்தில் மாறி மாறி வரும், ஒரே சமயத்தில் வருவது அபூர்வம். நம் நாட்டில் காற்றை நம்பினால் காய் சரியாகப் பிடிக்கவில்லை. அதனால் ஆண் பூவின் மகரந்தத்தைத் தட்டி எடுத்து, டால்கம் மாவில் கலந்து, ஊதுகுழாயால் பெண் பூவில் அடிப்பார்கள். பெரும்பாலும் பெண்கள் செய்த வேலை. அம்மா பதினேழு வயதில் அதற்குப் போனார். பூ விரிந்துவிட்டதா என்று வாசத்திலேயே தெரியுமாம். "சோம்பு வாசம் வரும் ஐயா, வாசம் வந்தா அன்னிக்கே அடிச்சிடணும்." அந்த வாசம் யாருக்காக என்பதை ரஹ்மான் சையத் என்ற பூச்சியியல் அறிஞர் ஆப்பிரிக்காவில் கண்டுபிடித்தார். மூக்கு நீண்ட ஒரு சின்ன வண்டு அந்த வாசத்தைத் தேடி வந்து மகரந்தத்தைச் சுமந்து போகிறது. 1981-இல் கேமரூனிலிருந்து அந்த வண்டை இங்கே கொண்டுவந்து விட்டார்கள். அதற்குப் பிறகு கையால் அடிக்கும் வேலை இல்லாமல் போயிற்று.

"பூச்சி வந்துச்சு. எங்கள ஒரம் போட அனுப்பிட்டாங்க" என்று அம்மா சொல்வது இவ்வளவுதான். உர மூட்டை கனம், கை வெடிக்கும். அவருக்கு எந்த வேலை பிடித்தது என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. மூன்று மாதம் உட்கார்ந்து கணக்குப் போட்டு, பிடித்த வேலைக்கு நான் மாறினேன் என்றால், அந்தக் கணக்கில் அம்மா சுமந்த உர மூட்டையும் இருக்கிறது.

இப்படி மாறலாமா என்று தம்பி வயதுப் பிள்ளைகள் சிலர் கேட்கிறார்கள். அலுவலகத்தில் அலுத்துப்போனவர்கள், நல்ல கெட்டிக்காரர்கள். வேலையை விடுவதற்கு முன்னால் உங்கள் ஊருக்கு ஒரு வரைபடம் போடுங்கள் என்றுதான் சொல்கிறேன். கியூஜிஐஎஸ் இறக்க ஒரு காசு ஆகாது, படங்களும் இலவசம். போட்டதை ஊர்க்காரர் ஒருவரிடம் காட்டுங்கள். அவர் தப்பு சொல்லும்போது உங்களுக்கு எரிச்சல் வருகிறதா, இன்னும் கேட்கத் தோன்றுகிறதா என்று பாருங்கள். எட்டு மாதச் செலவுக்குப் பணம் கையில் இருக்கட்டும். வேலை வடிகால் பாசனத்தைப் பார்க்கும் ஜே.பி.எஸ். மாதிரியான இலாகாக்களில், ஊராட்சி மன்றங்களில், தோட்ட நிறுவனங்களில், ஆலோசனை நிறுவனங்களில் கிடைக்கும். பெரும்பாலும் முதலில் ஒப்பந்தம்தான். நிரல் எழுதத் தெரிந்தவர்களுக்கு அங்கே மதிப்பு உண்டு. இரண்டு நாள் கையால் செய்கிற வேலையை நீங்கள் ஒரே இரவில் ஓடவைத்துவிடலாம். அட்டை கடிக்கும், வெயில் கொளுத்தும். பாம்பைப் பார்த்தால் நின்றுவிடுங்கள். இந்தத் துறைதான் என்று இல்லை. மருத்துவமோ, ஆற்று நீரோ, பள்ளிக்கூடமோ, உங்கள் வீட்டில் யாருக்காவது கைவந்த ஒன்றின் பக்கத்தில் போய் நில்லுங்கள் என்பதுதான் என் எண்ணம்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் சொந்தமாக ஓர் அடுக்கு செய்துகொண்டிருக்கிறேன். இதற்குக் காசு கிடையாது. இடித்துவிட்ட எங்கள் லயத்தின் அடுக்கு. அப்பாவின் துணி வரைபடத்தில் லயங்கள் சின்னச் செவ்வகங்களாக இருக்கின்றன. அந்த இடத்தில் இப்போது இரண்டாவது தடவை நட்ட செம்பனை, நெஞ்சளவுக்கு வளர்ந்து நிற்கிறது. ஒவ்வொரு செவ்வகத்தையும் பத்து வீடாகப் பிரித்துக் கோடு போட்டுவிட்டேன். யார் எந்த வீட்டில் இருந்தார்கள் என்று அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிறார், நான் தட்டச்சு செய்கிறேன்.

போன வாரம் மேற்கு லயத்துக்கு வந்தோம். முதல் வீடு பூசாரி வீடு. இரண்டாவது எங்களுடையது. மூன்றாவதில் தையல் மிஷின் வைத்திருந்த அக்கா, நான்கில் தப்பு அடிக்கும் தாத்தா, ஐந்தில் பால் கணக்கு எழுதியவர். அம்மா கண்ணை மூடிக்கொண்டு, வாசலில் நடந்து போவது போல ஒவ்வொன்றாகச் சொன்னார். எட்டு வரை தங்குதடையில்லாமல் வந்தது. ஒன்பதில் நின்றுவிட்டார். "முருங்க மரம் இருந்துச்சு. வாசல்ல ஒரு கல்லு கெடக்கும், துணி தொவைக்க. யாரு இருந்தாங்க…" என்று முணுமுணுத்தார். பத்தாவது வீட்டைச் சொல்லிவிட்டு மறுபடியும் ஒன்பதுக்கு வந்தார். நினைவுக்கு வரவில்லை.

"அத அப்பிடியே வச்சிருய்யா" என்றார். "மூணாவது வீட்டு அக்கா பந்திங்ல மக வீட்டுல இருக்கா. கேட்டுட்டுச் சொல்றேன்."

ஒன்பதாவது கட்டத்தில் முருங்கை மரம் என்று மட்டும் எழுதி, பெயருக்கான இடத்தைக் காலியாக விட்டுச் சேமித்தேன்.